காரை ஓடையில் கையோடு வந்துவிட்ட பாதி அம்மோனைட்

பெரம்பலூரிலிருந்து, பள்ளி ஆசிரியர்

பெரம்பலூர் மாவட்டத்தில் புதைபடிவங்களுக்குப் பெயர்பெற்ற காரைக்குப் போனவர்களுக்கு அந்த இடத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழை ஓய்ந்த மறுவாரம், மழைநீர் புதிதாக அறுத்த ஒரு வாரியின் சரிவில், சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல்விலங்கான அம்மோனைட் ஒன்றின் வளைவு, விலா எலும்புகள் போன்ற வரிகளுடன், உள்ளங்கை அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுபாதி களிமண்ணுக்குள் இருந்தது. சுற்றிலும் மண்ணை அகற்றப் பொறுமையின்றி நான் அதைப் பிடித்து மெல்ல அசைத்தேன். ஓசையே இல்லாமல் அது பாதியாகக் கையில் வந்துவிட்டது.

உடைந்த முகத்தைப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்பது புரிந்தது. அது கல் உடைந்த முகம் அல்ல. ஓட்டுக்குள் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையிலிருந்த தடுப்புச் சுவரின் வழியாகவே பிரிந்திருந்தது. நடுப்பகுதி மென்மையாக மேடிட்டும், ஓரம் முருங்கை இலைக்கொத்தைப் போல மடிப்பு மடிப்பாகவும் இருந்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளாக அந்த மடிப்புகள் எதிர்ப்பக்கத்து மடிப்புகளுக்குள் பொருந்தியிருந்தன. அதற்குள் இருட்டத் தொடங்கியதால், மண்ணுக்குள் இருந்த பாதியை மறுநாள் எடுக்கலாம் என்று எண்ணித் திரும்பினேன். இரவு மறுபடியும் மழை பெய்தது. மறுநாள் அந்தச் சரிவே அங்கு இல்லை.

என்னிடம் உள்ள பாதியின் வெளிவிளிம்பு தேய்ந்துபோனது. மண்ணுக்குள் இருந்த பாதியின் விளிம்புதான் தெளிவாக இருந்திருக்கும். அங்கே நீளவாக்கில் ஒரு முகடு ஓடியிருந்தால் மார்ட்டோனிசெரஸ் என்றும், முகட்டுக்குப் பதிலாகக் குமிழ்கள் வரிசையாக இருந்திருந்தால் அகாந்தோசெரஸ் என்றும் ஓரளவு துணிந்து கூறியிருக்கலாம். இரண்டுமே அம்மோனைட் பேரினங்கள், காரைப் படிவம் எனப்படும் பாறை அடுக்குகளில் கிடைப்பவை; ஆனால் இரண்டின் காலத்துக்கும் இடையே பல இலட்சம் ஆண்டுகள் உள்ளன. நான்கு ஆண்டுகளாகியும் என் பெட்டியில் உள்ள சீட்டில் ‘அம்மோனைட், காரை’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத முடியவில்லை.

திருச்சியிலிருந்து

எனக்கு நேர்ந்ததும் காரையில்தான், ஆனால் பெலெம்னைட். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி மடியிலிருந்து ஐந்தாறு எடுத்துக் கொடுத்து, “மழ பேஞ்சா இது தானா மொளைக்கும் தம்பி, புள்ளைங்க விளையாடும்” என்றார். துப்பாக்கித் தோட்டாவின் வடிவம், தேன் நிறம். ஒன்றின் உடைந்த முனையை வெயிலுக்கு நேராகப் பிடித்தபோது, நடுப்புள்ளியிலிருந்து நாற்புறமும் கதிர்கள் பிரிவதும், அவற்றைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வட்டங்கள் அமைந்திருப்பதும் தெரிந்தன. கணவாயின் உறவான ஓர் உயிரினத்தின் உடலுக்குள் இருந்த கால்சைட் தண்டு அது என்பதை வீட்டுக்கு வந்து படித்துத்தான் அறிந்தேன்.

அவர் கொடுத்தவற்றுள் ஒன்றில் மட்டும், அகன்ற முனையில் கூம்பு வடிவக் குழியும், அதனுள் அடுக்கடுக்கான மெல்லிய தட்டுகளும் இருந்தன. நொறுங்கியிருந்ததால் அழகாக இல்லை என்று அதை மட்டும் அங்கேயே போட்டுவிட்டேன். அந்தத் தட்டுகள் பிரித்தவைதான் விலங்கு மிதப்பதற்கு உதவிய அறைகள் என்பதும், பேரினத்தைப் பிரித்தறிய அந்தக் குழியின் ஆழமும் தண்டின் மேல் ஓடும் பள்ளமும் வேண்டும் என்பதும் பிறகு தெரிந்தபோது, பாட்டி அதை என் கையில் வைத்த கணம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. முழுமையானதைத்தான் அவர் எனக்குக் கொடுத்திருந்தார்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற நிலவியலாளர்

முதலில் எழுதிய ஆசிரியருக்கு மழையின் மீது வருத்தம் இருப்பதாகத் தெரிகிறது. மழை செய்தது அதன் வேலை, இழுத்தது தவறு. நானும் இளம் வயதில் ஒட்டக்கோவில் பக்கம், அம்மோனைட்டைப் போலவே சுருள் ஓடு கொண்ட ஒரு நாட்டிலஸை இழுத்து நொறுக்கியிருக்கிறேன் என்பதால் இதை உரிமையோடு கூறுகிறேன்.

களிமண்ணில் பாதி தெரியும் எதையும் தொடுவதற்கு முன், அளவுகோலை அருகில் வைத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பைப் பதியுங்கள். எந்த அடுக்கில், எந்தப் பக்கம் மேலாகக் கிடந்தது என்பதைக் குறியுங்கள். ஓடைத் தரையில் உருண்டு கிடந்ததா, அடுக்குக்குள்ளேயே இருந்ததா என்பது தனியாக எழுதப்பட வேண்டும். பின்னர் கல்லை விட்டு நான்கு விரல் தள்ளிச் சுற்றிலும் தோண்டி, ஒரு மண் திட்டின் மேல் அது உட்கார்ந்திருக்கும்படி செய்யுங்கள். நனைத்த செய்தித்தாளைப் போர்த்தி, அதன்மேல் பாரிஸ் சாந்தில் தோய்த்த சாக்குத் துணியைச் சுற்றி, இறுகியபின் அடியை அறுத்துப் புரட்டினால், உடைந்திருந்தாலும் துண்டுகள் இடம் மாறாமல் வீடு வந்து சேரும். வீட்டில் நிழலில் உலரவிட்டு, உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். காரைக் களிமண் ஊறினால் உப்பிப் பிளக்கும். ஆகவே தண்ணீர்த் தொட்டியில் போடாதீர்கள். அமிலமும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். கால்சைட்டாலான ஓடுகளை இரண்டுமே தின்றுவிடும். பளபளப்புக்காக வார்னிஷ் பூசியவர்களின் சேகரிப்பைப் பார்த்திருக்கிறேன். தடுப்புச் சுவரின் ஓரம் ஓட்டோடு சேரும் தையற்கோடுகளைப் பூச்சு நிரப்பிவிட்டது, இனி எவராலும் அவற்றைப் படிக்க முடியாது.

தையற்கோடு என்று சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். மேல் ஓடு முழுமையாக இருக்கும் அம்மோனைட்டில் அந்தக் கோடு தெரியாது. ஓடு உதிர்ந்து, அறைகளுக்குள் நிறைந்து இறுகிய உள் அச்சில்தான் தெரியும். விலங்கு குடியிருந்த கடைசி அறையில் தடுப்புச் சுவரே கிடையாது என்பதால் அங்கும் கோடு இராது. நாட்டிலஸ் என்றால் சுவர் கிண்ணம் போலக் குழிந்து, ஓரம் எளிய வளைவாக இருக்கும். அறைகளை இணைக்கும் குழாய் சுவரின் நடுப்பகுதியை ஒட்டிச் செல்லும். பெரும்பாலான அம்மோனைட்டுகளில் அந்தக் குழாய் வெளிவிளிம்பை ஒட்டியே ஓடும். ஆசிரியரின் துண்டில் விளிம்பு தேய்ந்திருந்தாலும், உடைந்த முகத்தில் அந்தக் குழாயின் தடம் இருக்கக்கூடும். ஒரு கோட்டை மெல்லிய தாளில் பென்சிலால் படியெடுத்து, 1860களில் ஸ்டோலிச்கா என்ற நிலவியலாளர் தென்னிந்திய அம்மோனைட்டுகளை விவரித்து வெளியிட்ட ஓவியப் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முகடு தெரியாததாலேயே அடையாளம் காண முடியாது என்று முடிவு செய்வது அவசரம்.

கருடமங்கலம் பக்கத்துக்காரர்

ஐயா எழுதியது அனைத்தும் சரி. ஆனால் சாந்தும் சாக்கும் தூக்கிக்கொண்டு எல்லோராலும் வயலுக்கும் ஓடைக்கும் போக முடியாது. எங்கள் பக்கம் இந்தக் கற்கள் உழவில் புரள்கின்றன, டிராக்டர் சக்கரத்தில் நொறுங்குகின்றன, சாலைக்குச் சரளையாகப் போகின்றன. எங்கள் ஊர்ச் சிப்பிக் கல்லை இழைத்துப் பளிங்கு போல விற்றிருக்கிறார்கள். ஆகவே எடுத்தது தவறு என்று ஆசிரியரைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எடுக்காமல் விட்டதால் நான் இழந்ததைச் சொல்கிறேன்.

உறவினர் ஒருவர் வீட்டு வாசற்படிக்குக் கீழே ஒரு வட்டக் கல் கிடந்தது. முறம் அளவு இருக்கும். கால் கழுவிவிட்டு அதன்மேல் ஏறித்தான் எல்லோரும் உள்ளே போவார்கள். நானும் சிறு வயதிலிருந்து அப்படித்தான் போனேன். கல்லூரி முடித்து வந்த ஒரு மாலையில், அத்தை வாசல் தெளித்த தண்ணீர் அதன்மேல் பரவி, சாய்ந்த வெயில் பட்டபோது, கல் முழுவதும் இலை நரம்புகளைப் போல, ஒன்றுக்குள் ஒன்று மடிந்த கோடுகள் எழுந்து வந்தன. சுழிமையத்திலிருந்து விளிம்பு வரை எண்ணினேன். ஓட்டின் வாய்ப்பக்கத்தில் நான்கில் ஒரு பங்கில் மட்டும் கோடுகள் இல்லை. மேலே ஐயா சொன்ன கடைசி அறை அதுதான் என்று இன்றுதான் எனக்குப் புரிகிறது. இரண்டு தலைமுறைப் பாதங்கள் தேய்த்ததால்தான் ஓடு போய்க் கோடுகள் அவ்வளவு துல்லியமாக வெளிப்பட்டிருந்தன. அத்தையிடம் கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பார். வாசற்படிக் கல்லைக் கேட்பதற்கு மனம் வரவில்லை. வீட்டை இடித்துக் கட்டியபோது அது அடித்தளத்துக்குள் போய்விட்டது. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

சாளக்கிராமம் என்று நாம் பூசையில் வைக்கும் கண்டகி ஆற்றுக் கல்லும் அம்மோனைட்டே என்று அறிந்தபின், அந்தக் கல்லின் மேல் மிதித்து ஏறியதை நினைத்து அத்தை வருந்தினார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

புதுச்சேரியிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். வழுதாவூர் பக்கம் கிணறு வெட்டிய மண்ணில் விரல் தடிமனில் நேரான, சற்றே தட்டையான ஒரு துண்டு கிடைத்தது. மீன் முதுகெலும்பு என்று நண்பர் உறுதியாகக் கூறினார். ஆறு ஆண்டுகள் அப்படியே எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் லென்ஸில் பார்த்தபோது, எலும்பு மூட்டு என்று நாங்கள் நம்பிய இடங்களில் எல்லாம் அம்மோனைட்டின் மடிப்புக் கோடுகள் தெரிந்தன. சுருளாமல் நேராக வளர்ந்த பாக்குலைட்ஸ் வகை. 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை அறிஞர் இப்பகுதிப் புதைபடிவங்களை விவரித்தபோதே இவ்வகை இடம்பெற்றுவிட்டது. கிணற்று மண் எத்தனை அடி ஆழத்திலிருந்து வந்தது என்று அன்றே கேட்காததுதான் என் குறை. கிணற்றுக்காரர் இப்போது இல்லை.

எடுப்பதா, விடுவதா என்று வாதிடுபவர்களுக்கு ஒன்று. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது வெளிவந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது நினைவிருக்கும். அவை முட்டைகள் அல்ல என்று வல்லுநர்கள் சொல்லவேண்டியிருந்தது. தையற்கோடு என்றால் என்னவென்று அறிந்த ஒருவர் அந்தக் குளக்கரையில் இருப்பதும் தேவைதான்.

மீண்டும் பெரம்பலூரிலிருந்து

ஐயா கூறியபடி உடைந்த முகத்தை நேற்றிரவு உலர்ந்த தூரிகையால் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். வெளிவிளிம்பை ஒட்டி, கடுகு அளவில் ஒரு வட்டத் தடம் இருக்கிறது. அதற்கு மேலே, தேய்ந்த விளிம்பில், ஓர் அரிசி நீளத்துக்கு மட்டும் தேய்வு படாத இடம் ஒன்று மீந்திருக்கிறது. முகட்டின் அடிப்பகுதி போலவும் தெரிகிறது. ஒரு குமிழின் சரிவு போலவும் தெரிகிறது. தாளில் படியெடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை துண்டையும் தாளையும் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்று, அங்குள்ளவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். திருச்சி நண்பர் வர விரும்பினால் பெலெம்னைட்டுகளையும் எடுத்து வரட்டும்.