ஸ்னூக்கரில் கியூ (பந்தை அடிக்கும் கோல்) பிடிக்கும் கை: உங்களுக்கு மறக்காத ஒரு அடி எது?

கும்பகோணத்துக்காரன்:
ஐப்பசி அடைமழை ராத்திரி. டேபிளில் பிளாக் (7 புள்ளி உள்ள கறுப்புப் பந்து) மட்டும்தான் பாக்கி. நான் 3 புள்ளி பின்னால். பிளாக் அதன் ஸ்பாட்டிலேயே (டேபிளில் அதற்கென்று குறித்த இடம்) இருக்கிறது, கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து நேர்க்கோட்டில். ஒரு வாரமாகப் பின்கைப் பிடியை (கியூவின் பின்பக்கத்தைப் பிடிக்கும் விதம்) மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம் மாதிரி, மற்ற மூன்றும் கியூ பின்னால் போகும்போது திறந்து, முன்னால் வரும்போது மூடும். நன்றாகவே வந்தது. அன்றைக்குக் குனிந்ததும் கை தானாக இறுகிவிட்டது. பிளாக் பாக்கெட் வாயில் இரண்டு பக்கமும் தட்டி நின்றுவிட்டது. கையை விரித்துப் பார்த்தேன், உள்ளங்கையில் பிறை பிறையாக நகம் பதிந்த தடம். இரண்டு வருஷமாகிறது, இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாயவரம் மாப்பிள்ளை:
எங்கள் மாமா தவில்காரர். ஒருநாள் என்னைக் கூப்பிட ஹாலுக்கு வந்தவர், நான் அடிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, பாம்பு கழுத்தைப் பிடிச்ச மாதிரி பிடிக்கிற?" என்றார். வீட்டுக்குப் போனதும் பூவரசங்குச்சியை என் இடது கையில் வைத்துத் தொப்பியில் (தவிலின் இடது பக்கம்) தட்டச் சொன்னார். இறுக்கினால் சத்தம் செத்துப்போகிறது. "குச்சி துள்ளணும், ஓடிடக் கூடாது." அவ்வளவுதான் சொன்னார்.

தஞ்சை கீழவாசல்:
கும்பகோணத்தார் எல்லாப் பழியையும் பிடி மேல் போடுவது சரியில்லை. மழைக்காலத்தில் டேபிள் துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பந்து ஓட்டம் குறையும். நாமும் தெரியாமலே பலம் போடுவோம், கை இறுகும். தளர்த்துவதிலும் ஆபத்து உண்டு. பூலில் (இதே மாதிரி இன்னொரு மேஜை ஆட்டம்) பிரேக், அதாவது முதல் அடி, அடிக்கும்போது வியர்வையில் கியூ வழுக்கி, வெள்ளைப் பந்து பறந்துபோய் டீ கிளாஸை உடைத்தது. என் கதை இவ்வளவுதான்.

இதைச் செய்து பாருங்கள். வெள்ளையைப் பிரவுன் ஸ்பாட்டில் வைத்து, புளூ, பிங்க், பிளாக் ஸ்பாட்டுகளின் மேலேயே ஓட்டி, எதிர்க் குஷனில் (டேபிளின் ரப்பர் விளிம்பு) தட்டித் திரும்ப விடுங்கள். அடித்த கியூவை அசைக்காமல் நீட்டி வைத்திருங்கள். பந்து கியூ நுனிக்கே வந்தால் பிடி சரி. விலகி வந்தால் கை எங்கோ திருகுகிறது, அல்லது வெள்ளையின் நடுவில் படவில்லை. முழங்கைக்குக் கீழே கை செங்குத்தாகத் தொங்கட்டும். மணிக்கட்டை மடக்காதீர்கள். பூலில் பழகியவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். அங்கே பந்து 57 மில்லிமீட்டர், ஸ்னூக்கரில் 52.5தான், டேபிளோ 12 அடி. இந்தக் கோடியில் நூலளவு பிசகினால் அந்தக் கோடியில் விரற்கடை ஆகிவிடும். தினம் 20 தடவை. அப்புறம் ஒரு பருத்தித் துண்டு கையோடு இருக்கட்டும், பவுடர் வேண்டாம், துணி பாழாகும்.

கும்பகோணத்துக்காரன்:
தஞ்சை அண்ணே, அந்த அடிக்குப் பலமே தேவைப்படவில்லை. பிளாக் ஸ்பாட்டிலிருந்து பாக்கெட்டுக்கு மூன்றடிதான் இருக்கும். ஈரம் காரணமில்லை, என் கைதான். பயிற்சியைக் கட்டாயம் செய்கிறேன்.

மாயவரத்தாரே, மாமா குச்சியை எந்த விரலில் தாங்கிக் காட்டினார்? நடுவிரலா, மோதிர விரலா?