சைன் ஸ்கொயர் எக்ஸ் எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம். தானாகத் திருத்தும் மென்பொருளில் அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

தோவாளை டீச்சர் கேட்கிறார்:

நாகர்கோவில் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் முதலாண்டு கணித மாணவர்களுக்கு நுண்கணிதம் எடுக்கிறேன். வகுப்பில் 58 பேர். வாரம் ஒரு பயிற்சி கொடுத்தால் 58 நோட்டு. இரண்டு கட்டைப் பைகளோடு பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டுவிடுவாரோ என்று இருக்கும். வீட்டில் நான் திருத்த உட்கார்ந்தால் மாமியார் பக்கத்தில் பிச்சிப்பூ கட்ட உட்காருவார். "நீ ஒரு நோட்டு முடிப்பதற்குள் நான் இரண்டு முழம் கட்டிவிட்டேன்" என்றார் போன வாரம். பொய்யில்லை.

இந்தப் பருவத்தில் இணையவழியில் தானாகத் திருத்தும் மென்பொருள் ஒன்றைக் கொடுத்தார்கள். பெயர் வேண்டாம். முதல் பயிற்சியில் சைன் 2எக்ஸைத் தொகையிடச் சொன்னேன். நான் பதிந்து வைத்த விடை மைனஸ் காஸ் 2எக்ஸ் பை 2, பிளஸ் சி. மறுநாள் காலையில் ஒரு மாணவி நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி துறை வாசலில் நிற்கிறாள். சைன் 2எக்ஸை 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் என்று பிரித்து, சைன் எக்ஸை யு என்று வைத்து, சைன் ஸ்கொயர் எக்ஸ் பிளஸ் சி என்று முடித்திருக்கிறாள். ஒரு வரி பிசகவில்லை. இரண்டு விடைகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் வெறும் அரை. அதை சி என்ற மாறிலி விழுங்கிவிடும்.

மென்பொருள் அதற்குப் பூஜ்யம் போட்டு, "தவறு, மீண்டும் முயல்க" என்று சொல்லியிருக்கிறது. அவளும் நம்பி மூன்று முறை முயன்றிருக்கிறாள். கடைசியில் நோட்டில் சரியாகச் செய்ததைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்து இருக்கைப் பெண்ணின் விடையைப் பார்த்து எழுதிவிட்டாள். பூஜ்யத்தை நான் மாற்றிவிடலாம். அந்தக் குறுக்குக்கோடுதான் உறுத்துகிறது.

இந்தக் கூத்து இல்லாத ஏற்பாடு ஏதாவது உண்டா? தமிழில் பின்னூட்டம் கொடுக்க முடியுமா? அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கு இதை நம்பலாமா?

குழித்துறைக்காரன்:

டீச்சர், உங்கள் மென்பொருள் மாணவரின் விடையிலிருந்து உங்கள் விடையைக் கழித்து, பூஜ்யம் வருகிறதா என்று மட்டும் பார்த்திருக்கும். தொகையிடலுக்கு அது ஆகாது. மாணவரின் விடையை வகையிட்டு, கேட்ட சார்பு திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டாக் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. மாறிலியை விட்டுவிட்டாலும் பிடித்துவிடும். 2004-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாங்வின் தொடங்கியது. கல்லூரிகள் இணையவழிப் பாடங்களுக்கு வைத்திருக்கும் மூடில் தளத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே உட்கார்ந்து இயற்கணிதம் போடுவது மாக்ஸிமா. அதன் வேர் 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான வெப்வொர்க் வேறு வழியில் போகிறது. எக்ஸுக்குச் சில எண்களைப் பிரதியிட்டு, இரண்டு விடைகளும் ஒரே மதிப்பைத் தருகின்றனவா என்று பார்க்கும். நான் ஸ்டாக்தான் வைத்திருக்கிறேன்.

பின்னூட்டம் தமிழில் கொடுக்கலாம், ஆனால் எழுதப்போவது நீங்கள். ஸ்டாக்கில் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு கிளைமரம் இருக்கும். 2 காஸ் 2எக்ஸ் என்று வந்தால் "தொகையிடச் சொன்னேன், வகையிட்டிருக்கிறாய்" என்று ஒரு கிளை. பாதியை விட்டுவிட்டு மைனஸ் காஸ் 2எக்ஸ் என்று வந்தால், "உன் விடையை நீயே வகையிட்டுப் பார், ஒரு 2 கூடுதலாக வரும்" என்று இன்னொரு கிளை. பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பது பழைய நோட்டுகளில் இருக்கிறது. நான் 40 நோட்டுகளைப் பிரித்து வைத்துப் பார்த்தேன், எல்லாப் பிழைகளும் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிட்டன. ஆனாலும் முதல் கேள்வியை உருப்படியாக எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது.

ஆளுக்கு ஆள் எண்ணை மாற்றிக் கொடுக்கவும் முடியும். வரும் எண்களை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒருவனுக்கு எளிய முழு எண்ணும் இன்னொருவனுக்கு வர்க்கமூலத்துக்குள் 173-ம் வந்து சண்டைக்கு நிற்பார்கள்.

என் மானம் போன கதையையும் கேளுங்கள். அணிகள் பாடத்தில் ஐகன் வெக்டர் கேட்டேன், அதாவது அணியோடு பெருக்கினால் தன்னுடைய லாம்டா மடங்காகவே திரும்பி வரும் வெக்டர், லாம்டா ஓர் எண். சரியான விடைகள் கணக்கில்லாமல் உண்டு. எந்த மடங்கும் சரி. அதனால் அணியோடு பெருக்கினால் லாம்டா மடங்கு வருகிறதா என்று மட்டும் சோதிக்க வைத்தேன். ஒரு பையன் 0, 0 என்று தட்டியிருக்கிறான். பூஜ்யத்தை எதோடு பெருக்கினாலும் பூஜ்யம்தானே! முழு மதிப்பெண். விடிவதற்குள் 11 பேர் பூஜ்ய வெக்டரோடு வந்து நின்றார்கள். பூஜ்யமாக இருக்கக் கூடாது என்ற ஒரு வரியை எழுத மறந்தது என் குற்றம்.

பழைய சிவப்பு மை:

டீச்சரம்மா, ஓய்வுபெற்றவன் சொல்வது உறைக்குமோ என்னவோ. இயந்திரம் கடைசி வரியைத்தான் பார்க்கிறது. ஒரு குறியை முதல் வரியில் தவறாக எழுதி, அடுத்த வரியில் இன்னொரு குறியை மறந்து, சரியான விடைக்கு வந்து சேர்ந்தவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உங்கள் ஸ்டாக் மாலை போடும். ஒரு சார்பின் எல்லையைக் காட்டும் எப்சிலான் டெல்டா நிறுவலில் எப்சிலானை முதலில் எடுக்க வேண்டும் என்பதை ஒரு பிள்ளைக்குப் புரியவைக்க நோட்டும் பேனாவும் வேண்டும். தொகையிடலை வேண்டுமானால் அதனிடம் கொடுங்கள், நிறுவலைக் கொடுக்காதீர்கள்.

பேச்சிப்பாறை மாணவன்:

மேடம், மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கணக்கைவிடத் தட்டச்சுதான் பாடாய்ப் படுத்தும். எங்களில் பாதிப் பேரிடம் கைப்பேசி மட்டும்தான். பெருக்கல் நட்சத்திரக் குறியும் அடுக்குக் கூரைக் குறியும் விசைப்பலகையில் பக்கம் மாறி மாறித் தேட வேண்டும். நான் 1 பை 2எக்ஸ் என்று தட்டினேன்; அது எக்ஸில் பாதி என்று எடுத்துக்கொண்டது. 2எக்ஸுக்கு அடைப்புக்குறி போட்டிருக்க வேண்டுமாம். ஸ்டாக்கில் சமர்ப்பிக்கும் முன் "நீங்கள் எழுதியதை இப்படிப் புரிந்துகொண்டோம்" என்று கீழே காட்டும். அதைப் பார்க்கச் சொல்லி முதல் நாளே பழக்குங்கள், நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

காலையில் அப்பாவோடு ரப்பர் வெட்டப் போய்விட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறேன். மழை பிடித்தால் இங்கே சிக்னலும் கிடையாது, கரண்டும் கிடையாது. ஒரே இரவு என்று கெடு வைக்காதீர்கள், மூன்று நாளாவது கொடுங்கள். தமிழில் "மாறிலி எங்கே தம்பி?" என்று வந்தபோது சார் பக்கத்தில் நின்று கேட்பது போல இருந்தது.

சார், அந்த 11 பேரில் நான் நான்காவது. முதலில் கண்டுபிடித்தவன் யார் என்று சொல்ல மாட்டேன்.

தோவாளை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பழைய சிவப்பு மை சார், உறைத்தது. நிறுவல் என் கையிலேயே இருக்கட்டும். இந்தப் பருவம் முழுக்க இயந்திரத் திருத்தத்தைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், அகமதிப்பீட்டில் சேர்க்கப்போவதில்லை. கெடு வெள்ளி முதல் திங்கள் வரை.

பிள்ளைகள் திரும்ப வாங்கிக்கொள்ளாத நோட்டுகள் பரணில் கிடந்தன, இறக்கிவிட்டேன். மாறிலியை மறந்தவை மட்டும் 23. மாமியார் அவற்றை வாழைநாரால் தனிக்கட்டாகக் கட்டிக் கொடுத்தார்.

அந்த மாணவியின் நோட்டில் அடித்த விடைக்குப் பக்கத்தில் சரி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். "அப்போ அடித்ததை மறுபடி எழுதணுமா மேடம்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

குழித்துறை சார், எங்கள் மூடில் இருக்கும் கணினியிலேயே மாக்ஸிமாவையும் நிறுவினால் போதுமா, தனிக் கணினி வேண்டுமா? ஒரே நேரத்தில் 58 பேர் ஏறினால் தாங்குமா என்று கணினி அறைத் தம்பி கேட்கிறார்.