ஒய்ஒய் ஜெமினி: சாய்வு 83 பாகைன்னு வருது, எங்கே தப்பு?

இரவுக்கண்:
ஒய்ஒய் ஜெமினி, ஒண்ணையொண்ணு மறைச்சுச் சுத்துற இரட்டை விண்மீன். அதோட டெஸ் (விண்வெளித் தொலைநோக்கி) ஒளிவளைவுக்கு, அதாவது நேரத்தோட பிரகாசம் மாறுற வரைபடத்துக்கு, மாடல் பொருத்தினேன். சுற்றுப்பாதையோட சாய்வு (நம்ம பார்வைக்கு நேர் விளிம்பாத் தெரிஞ்சா 90) 83 பாகைக்கு மேல ஏறவே மாட்டேங்குது. வெளியான ஆய்வுகள்ல 86.3. மூணு நாளா மாட்டிக்கிட்டிருக்கேன், யாராவது சொல்லுங்க.

தெற்குவானம்:
எஸ்ஏபி ஃப்ளக்ஸா (பிக்சல்களைக் கூட்டின திருத்தாத ஒளி), பிடிசிஎஸ்ஏபியா (திருத்தினது)? 2 நிமிஷத் தரவா, 30 நிமிஷமா? கிரகணமே சுமார் 2 மணி நேரம்தான். 30 நிமிஷம்னா மழுங்கிடும். கிரகணத்துல ஒளி எத்தனை சதவீதம் குறையுது, அதாவது ஆழம் எவ்வளவு?

கரும்புள்ளி:
ரெண்டுமே எம் வகைக் (குளிர்ந்த, சிவப்பான) குள்ள விண்மீன்கள். மேற்பரப்புல இருக்கிற இருண்ட புள்ளிகள்தான் காரணம். பீபியில (இரட்டை விண்மீன் மாடல் மென்பொருள்) ஒரு புள்ளி சேர்த்துப் பாருங்க.

இரவுக்கண்:
எஸ்ஏபி, 2 நிமிஷம். மாடல் பொருத்தின மென்பொருள் ஜேகேடிஈபாப். ஆழம் 26%.

பழையதூண்:
அபர்ச்சர் படத்தை (எந்தெந்தப் பிக்சல்களோட ஒளியைக் கூட்டுறாங்கன்னு காட்டுறது) திறந்து பார்த்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. புனர்பூசத்துப் பிரகாசமான விண்மீன் காஸ்டர் வெறும் 70 விகலைத் (ஒரு பாகையில 3600-ல ஒரு பங்கு ஒரு விகலை) தூரத்துல இருக்கு. டெஸ் பிக்சல் ஒண்ணு 21 விகலை. காஸ்டர் ஏழு மாக்னிட்யூடுக்கு (பிரகாச அளவுகோல்) மேல பிரகாசம், அதாவது 600 மடங்குக்கு மேல. டெஸ்ஸோட சிவப்புப் பட்டையில கொஞ்சம் குறையும். ஆனாலும் நூத்துல ஒரு பங்கு கசிஞ்சாலே உங்க விண்மீன் மூழ்கிடும். கணக்குப் போடுங்க: ஒவ்வொரு விண்மீனோட ஆரமும் ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடைத்தூரத்துல 0.159 பங்கு, சாய்வு 86.3. வட்டத்துல 74% மறையணும். ரெண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம்கிறதால ஆழம் 37%. உங்களுக்கு 26% வந்தா மொத்த ஒளியில சுமார் 30% மூன்றாம் ஒளி, அதாவது இந்த ரெண்டு விண்மீனோடதில்லாத, வெளியிலிருந்து கலந்த ஒளி. அதைப் பூஜ்யம்னு பூட்டினா, ஆழத்தைக் குறைக்க மாடல் சாய்வைத்தான் இறக்கும்.

கரும்புள்ளி:
புள்ளியை ஒதுக்கிட முடியாது. ஜேகேடிஈபாப்ல புள்ளியே கிடையாது, ரோஷ் வடிவமும் (ஈர்ப்பால நீண்ட விண்மீன் வடிவம்) இல்ல.

தெற்குவானம்:
0.16 ஆரத்துக்கு உருக்குலைவு ஒரு சதவீதத்துக்கும் கீழ, ஜேகேடிஈபாப் தாங்கும். புள்ளி கிரகணத்துக்கு வெளியே அலையாத் தெரியும். ரெண்டு கிரகணத்தையும் ஒரே அளவு ஆழம் குறைக்காது.

கரும்புள்ளி:
ஆரத்துல 1% துல்லியம் வேணும்னா புள்ளியை விடவே கூடாது. அதுல நான் மாறமாட்டேன்.

பழையதூண்:
சரி, அது அடுத்த கட்டம். இன்னொண்ணு: ஒளிவளைவு தர்றது ஆரத்துக்கும் இடைத்தூரத்துக்கும் உள்ள விகிதம் மட்டும். சூரிய ஆரத்துல இடைத்தூரம் = 0.01977 × நாள்ல சுற்றுக்காலம் × ரெண்டு விண்மீனோட வேக வீச்சு (நிறமாலையில தெரியுற முன்பின் வேகத்தோட அளவு, கிமீ/வி) கூட்டல் ÷ சாய்வின் சைன். 0.8143 நாள், 242 கிமீ/வி போட்டா 3.90; ஆரம் 0.62.

இரவுக்கண்:
காஸ்டர் கசியுற பிக்சல்களை வெட்டிட்டேன். ஆழம் 36%, சாய்வு 86.1. நன்றி.

தெற்குவானம்:
மூன்றாம் ஒளியைச் சுதந்திரமா விட்டீங்களா, பூட்டினீங்களா? பகுதிக் கிரகணத்துல அதுவும் சாய்வும் ஒண்ணையொண்ணு இழுக்கும். ஆர விகிதமும் அப்படித்தான் நழுவும். நிறமாலையிலிருந்து ஒளி விகிதம் (ரெண்டு விண்மீனோட பிரகாச விகிதம்) எடுத்துப் பூட்டினீங்களா?