பாரம் தூக்கினால் இடுப்பு அகலுமோ?

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஜிம்மில ஸ்குவாட் (பாரத்தோட குந்தி எழும்பிறது), டெட்லிஃப்ட் (நிலத்தில இருந்து பாரத்தைத் தூக்கிறது) செய்யிறன். டெட்லிஃப்ட் இப்ப 60 கிலோ. முதுகு நோவும் போட்டுது, பெரிய நிம்மதி. ஆனா உள்பாவாடை நாடா பழைய முடிச்சுக்கு வருதில்லை. நிறை கூடேல்லை, காலமை வெறும் வயித்தில, தொப்புளுக்கு நேர அளவுநாடா பிடிச்சுத்தான் இடுப்பை அளக்கிறன்.

தூக்கேக்க வயித்தை இறுக்கிறதால பக்கவாட்டுத் தசை தடிக்கும் எண்டு ஒரு அக்கா சொல்லுறா. கொழுப்புக் கூடினால் ஒழிய பெரிசா அகலாது எண்டு பயிற்சி தாறவர் சொல்லுறார். டம்பெல் (கைப்பாரம்) பிடிச்சுப் பக்கவாட்டில சரியிறதை மட்டும் விடச் சொன்னார்.

நிப்பாட்ட மனமில்லை, இந்தப் பெலம் எனக்கு வேணும். கன காலமாப் பாரம் தூக்கிற பொம்பிளையள் ஆராவது சொல்லுங்கோ: உங்கட இடுப்பளவு உண்மையில மாறினதோ? தோள், முதுகுப் பயிற்சியைக் கூட்டினால் இடுப்பு ஒடுங்கித் தெரியுமோ?