குதிரை மசால் மஞ்சளடிக்குது, வேரில் முடிச்சு இல்லை: யூரியா போடலாமா?

மேட்டுக்காடு:
வணக்கங்க. கடலை போட்டுட்டிருந்த செம்மண் காட்டுல மாட்டுத் தீவனத்துக்குப் பத்து சென்ட் குதிரை மசால் விதைச்சிருக்கேன். அடியிலை வெளிறி மஞ்சளாகுது, அறுத்தா மறுபடி தழையவே மாட்டேங்குது. வரப்புத் தட்டைப்பயறு மட்டும் கருகருன்னு நிக்குது. மண் பிஎச் 7.6. ரைசோபியத்தை, அதான் வேர் முடிச்சுல இருந்து காத்துத் தழைச்சத்தைப் பிடிச்சுக் கொடுக்கிற பாக்டீரியாவை, கஞ்சியில கலந்து விதை நேர்த்தி பண்ணித்தான் போட்டேன்.

கறவைக்காரர்:
செடியை இழுத்துப் பாத்தீங்களா, தோண்டிப் பாத்தீங்களா? இழுத்தா முடிச்சு மண்ணுலயே தங்கிடும். மண்வெட்டியால கட்டியா எடுத்து வாளித் தண்ணியில ஊறவெச்சு அலசுங்க. குதிரை மசால் முடிச்சு கடலையில வர்ற மாதிரி உருண்டையா இருக்காது. நீளமா, கிளைச்சு இருக்கும். நகத்தால கீறினா உள்ள இளஞ்சிவப்பு தெரியணும். பொட்டலத்துல எந்தப் பயிர்னு போட்டிருக்கு?

மேட்டுக்காடு:
ஒண்ணு ரெண்டு செடியில கடுகளவு வெள்ளை முடிச்சு, மத்ததுல எதுவுமில்லைங்க. பொட்டலத்துல நிலக்கடலைன்னு இருக்கு. எல்லாப் பயறுக்கும் ஒண்ணுதான்னு கடையில சொன்னாங்க.

கறவைக்காரர்:
அதான் விஷயம். கடலை, தட்டை, உளுந்துக்கெல்லாம் பிராடிரைசோபியம்ங்கிற பாக்டீரியா. அது உங்க காட்டுலயே கிடக்கு. குதிரை மசால் மேற்காசியாப் பக்கமிருந்து வந்த பயிர், அதுக்கு சைனோரைசோபியம் மெலிலோட்டி வகையறா வேணும். வேர் கசியவிடுற வேதிப்பொருளுக்கு பாக்டீரியா சரியான பதில் கொடுத்தாத்தான் வேர்த்தூவி சுருண்டு அதை உள்ள விடும். கடலை பாக்டீரியா எவ்வளவு கொட்டினாலும் கதவு திறக்காது.
யூரியா போட்டா பச்சை வரும்தான். ஆனா தழைச்சத்து தாராளமாக் கிடைச்சா செடி முடிச்சு வைக்கிறதையே விட்டுடும். குதிரை மசாலுக்குன்னே உள்ள பொட்டலம் வாங்கி, மக்கின தொழுவுரத்துல கலந்து, அறுத்த அன்னிக்குச் சாயங்காலம் தூவித் தண்ணி கட்டுங்க. வெயில்ல தூவினா பாக்டீரியா செத்துடும்.

கீரைப்பாத்தி:
எங்க ஊர்ல அந்தப் பொட்டலம் கிடைக்கலைங்க. ஆனா வெந்தயமும் அதே பாக்டீரியா கூட்டம்தான். வெந்தயக்கீரை விளையுற பாத்தியில செடியைத் தோண்டி, சிவப்பு முடிச்சு இருந்தா அந்த வேர் மண்ணை எடுத்துத் தூவலாம். வேரழுகல் வந்த பாத்தி மண்ணை மட்டும் தொடாதீங்க.

மேட்டுக்காடு:
பங்காளி தோட்டத்துல வெந்தயம் இருக்குங்க, நாளைக்கே பாக்கிறேன். பிடிச்சுதான்னு எப்பத் தெரியும்?

கறவைக்காரர்:
மூணு நாலு வாரம் விட்டு ஒரு செடியைத் தோண்டுங்க. புது சல்லி வேர்ல பாருங்க, ஆணிவேர்ல தேடாதீங்க. அப்புறம், பசுந்தழையை மட்டும் மாட்டுக்குப் போட்டா வயிறு உப்பிக்கும், சோளத்தட்டு சேர்த்துப் போடுங்க.