குரங்கு செத்துக் கிடந்த இடத்தில் உண்ணி: எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம்?

தடம்பார்ப்பான்: ஜனவரி முதல் மே வரை நீலகிரி அடிவாரக் காட்டில் விலங்குக் கணக்கெடுப்பு. 2012-இல் இந்த மாவட்டத்தில் இறந்த குரங்குகளில், உண்ணி மூலம் குரங்குக் காய்ச்சலைத் தரும் கியாசனூர் வைரஸ் உறுதியானது. மூன்று சந்தேகங்கள். செத்த குரங்கைக் கண்டால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? உண்ணியை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் வராது என்பது சரியா? முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் (பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை) போட்டுக்கொள்ளலாமா?

சருகுமான்: சடலத்திலிருந்து எல்லாப் பக்கமும் 50 மீட்டர் என்பதுதான் நடைமுறைக் கணக்கு. மாலத்தியான் பூச்சிக்கொல்லித் தூளையும் அந்த வட்டத்துக்குள்தான் தூவுவார்கள். உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் உதிர்ந்து சருகுக்குள் போய்விடும். அவற்றில் குரங்கின் ரத்தம் குடித்த ஆறுகால் குஞ்சுகள், சில வாரங்களில் தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணிகளாக வெளிவரும். மனிதரைக் கடித்து நோய் தருவது பெரும்பாலும் இவைதான். எள்ளில் பாதி அளவுதான் இருக்கும். ஆகவே சடலத்தை அப்புறப்படுத்தியதும் இடம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். தொடாதீர்கள், இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். நீங்கள் போகும் மாதங்கள்தான் இளம் உண்ணிகளின் உச்சகாலம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இடுக்கி: 24 மணி நேரம் என்பது, உண்ணி பரப்பும் பாக்டீரியா நோயான லைம் நோயின் கணக்கு. அந்த பாக்டீரியா உண்ணியின் குடலில் இருக்கும். எச்சில் சுரப்பிக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படியல்ல, கடித்த சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். கியாசனூர் வைரஸும் அதே குடும்பம். எனவே கண்டவுடன் எடுங்கள்.

கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி, வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் ஒரே சீராக மேலே இழுக்க வேண்டும். வயிற்றைப் பிடித்தால் உள்ளே இருப்பது பிதுங்கிக் காயத்துக்குள் போகும். மண்ணெண்ணெய், தீக்குச்சி, வாசலின் வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம். நகத்தால் நசுக்காதீர்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாடிக்குறிப்பு: டாக்ஸிசைக்ளின் வைரஸை ஒன்றும் செய்யாது. குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். செய்தித்தாள்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அது உண்ணியால் வருவதே அல்ல, சிற்றுண்ணி (மைட்) என்ற வேறு உயிரியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு தெரியலாம். அதற்குத்தான் டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும்.

குரங்குக் காய்ச்சல் கடித்த 3 முதல் 8 நாளில் திடீரென்று ஆரம்பிக்கும்: கடும் தலைவலி, உடல்வலி, வாந்தி, சிலருக்கு ரத்தக் கசிவு. குணமாகி ஓரிரு வாரம் கழித்துச் சிலருக்கு மறுபடி காய்ச்சல் வந்து நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். ரத்தப் பரிசோதனை: முதல் சில நாட்களில் வைரஸைத் தேடும் ஆர்.டி.-பி.சி.ஆர்., அதற்குப் பிறகு எதிர்ப்பணுவைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா. ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவதால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் கூடாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுக்குப் போன தேதியை நீங்களே சொல்லுங்கள்.

தடம்பார்ப்பான்: நன்றி. உடைக்கு?

சருகுமான்: வெளிர்நிற முழுக்கால்சட்டை, அதன் நுனி காலுறைக்குள். 0.5% பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லி உடைக்கு மட்டும், தோலில் வேண்டாம். தெளித்து நன்றாகக் காயவிட்டு அணியுங்கள். ஓடைப்பக்கம் தெளிக்காதீர்கள், மீன் செத்துவிடும். தோலுக்கு 20–30% டீட் (பூச்சிவிரட்டி). திரும்பியதும் உடையைக் கொதிநீரில் போடுங்கள், குளிர்ந்த நீரில் துவைத்தால் உண்ணி சாகாது. அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள்.