கார் ஷெட்டில் மட்டும் கரண்ட் இல்லை, யோசனை சொல்லுங்கள்

வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் கார் ஷெட்டில் முந்தாநாள் மழையிலிருந்து கரண்ட் இல்லை. வீட்டில் எல்லாம் ஓடுகிறது, எம்சிபி, ஆர்சிசிபி (ஷார்ட், லீக்கேஜ் வந்தால் தானாக அணையும் சுவிட்சுகள்) எதுவும் விழவில்லை. ஷெட் போர்டில் டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. லைட் மட்டும் எரியாது. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 40, 50 என்று ஆடுகிறது. நியூட்ரல்தான் அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன். மெயினை அணைத்துவிட்டு இரண்டு பக்கமும் திருகை இறுக்கிப் பார்த்தாயிற்று.

ஒயர் மண்ணுக்கடியில் பிவிசி பைப்பில் போகிறது. வழியில் பெருச்சாளி வளை வேறு. வந்த எலக்ட்ரீஷியன், "எர்த்தையே நியூட்ரலா போட்டுக்கலாம் சார்" என்கிறார். இரும்பு ஷட்டர் உள்ள ஷெட்டில் அது ஆளையே அடித்துவிடும், எனக்குச் சம்மதமில்லை. முழுக்கத் தோண்டாமல் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? இல்லை, புது ஒயரே இழுத்துவிடலாமா?